ஏலிக்குட்டி சேச்சி போடாத கையெழுத்து

கழக்கூட்டம் சந்தையில் பலாப்பழங்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டபடி நகர்கிறார் ஏலிக்குட்டி சேச்சி. கடைக்காரருக்குச் சலிப்பு. "சேச்சி, இது ராக்கெட் இல்ல, பழம்."

"ரெண்டுலயும் உள்ள என்ன இருக்குன்னு வெளியேந்து தெரியாதே," என்று அடுத்ததைத் தட்டுகிறார்.

கடற்கரையை ஒட்டிய எங்கள் விண்வெளி மையத்தில், ராக்கெட்டின் திட எரிபொருள் மோட்டார்களைச் சோதிப்பது அவர் வேலை. யானை நுழையும் அளவு உலோக உறை. உள்ளே ரப்பர்போல் இறுகிய எரிபொருள். உறையைவிட்டு அது மயிரிழை விலகியிருந்தாலும் வானத்தில் வெடித்துவிடும். அதனால் முழு மோட்டாரையும் எக்ஸ்ரே எடுப்போம். படம் பார்க்கும்போது சேச்சி வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வார். அதன் காரம் போகும்வரை யாரும் பேசக்கூடாது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் மோட்டார் ராக்கெட்டில் ஏறும்.

பல வருஷம் முன்பு, ஒரு படத்தின் ஓரத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்றார். வேறு யார் கண்ணுக்கும் அது விலகலாகப் படவில்லை.

"ராக்கெட் கிளம்புறதப் பாக்க மந்திரி வர்ற தேதி குறிச்சாச்சு சேச்சி," என்று கெஞ்சினார் சக பொறியாளர் விஜயராகவன்.

"வரட்டும் சாரே. சாயா குடுத்து அனுப்புங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஏவுதல் தள்ளிப்போனது. மோட்டாரை மறுபடி ஆராய்ந்தார்கள். ஒன்றுமில்லை. நிழல் என்றது படச்சுருளில் பட்ட வெறும் கறை. அதற்குப் பிறகு கேன்டீனில் சேச்சி பழம்பொரி பஜ்ஜியை எடுத்தால்கூட, "எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்பார் விஜயராகவன். மேசையே சிரிக்கும், சேச்சியும் சிரிப்பார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு விஜயராகவனுக்குப் போன அன்று மட்டும் சாப்பிட வரவில்லை. தேடிப்போனேன். கண் சிவந்திருந்தது.

"கறைன்னு இப்பத் தெரியுது மோளே. அன்னிக்குத் தெரியலையே."

போன மாதம் புது ராக்கெட். முந்தையது பாதியிலேயே கடலில் விழுந்திருந்ததால், இந்த முறை மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்ட விஜயராகவன் கட்டுப்பாட்டு அறையில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். சேச்சி தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"படத்துல ஒண்ணும் இல்லதானே சேச்சி?"

"நானும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படி நடுங்குது எனக்கு?"

"கையெழுத்துப் போட்டா நடுங்கும் சாரே. போடலன்னாலும் நடுங்கும்."

ராக்கெட் கிளம்பியது. அறை முழுவதும் எழுந்து கைதட்டியது. அவர்கள் இருவர் மட்டும் எழவில்லை. சேச்சி விஜயராகவனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மோட்டார் எரிந்து முடிந்து, திட்டப்படி கழன்று விழும்வரை விடவில்லை.