அக்கா வீட்டு லோரியின் டயர்

என் அக்காவின் கணவர் செர்டாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சொந்த லோரி. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போன பிறகு, அது வீட்டுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் நின்றுவிட்டது. சக்கர நாற்காலியை வாசலில் போட்டால் மாமாவின் கண்ணுக்கு நேராக அதுதான். பின்பக்க டயர்கள் காற்று இறங்கி, சக்கரத்தின் இரும்பு ரிம் மண்ணில் புதைய ஆரம்பித்திருந்தது.

கடைசியில் அக்கா விற்க முடிவு செய்தாள். பார்க்க வந்த பழைய இரும்பு வியாபாரி, உருளும்படி செய்து வைத்தால் இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். நான் லூனாஸில் டயர் கடையில் வேலை செய்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடித் தேய்ந்த இரண்டு டயர்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

"மாமாகிட்ட சொல்லிட்டியாக்கா?"

"எப்படிடா சொல்றது? நீ வேலையப் பாரு."

ஜாக்கி போட்டுச் சக்கரங்களைக் கழற்றிப் படுக்கவைத்தேன். ஒன்றில் டயர் சுலபமாகப் பிரிந்து வந்தது. மற்றதில் டயரின் விளிம்பு துருவோடு சேர்ந்து ரிம்மைக் கவ்விப் பிடித்திருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். சம்மட்டியால் சுற்றிச் சுற்றி அடித்தேன். கடப்பாரையைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். ரப்பர்தான் பிளந்தது, விளிம்பு அசையவில்லை. மதிய வெயில் ஏறிவிட்டது.

"போதும்லா தம்பி, அறுத்துப் போட்ரு," என்றாள் அக்கா.

அப்போது மாமா சத்தம் போட்டார். வார்த்தை இல்லை, தொண்டையிலிருந்து வந்த ஓர் இழுப்பு. அக்கா தண்ணீர் கொண்டுபோனாள், தட்டிவிட்டார். இடது கையை ஓங்கி ஓங்கி இறக்கிக் காட்டினார்.

"அவரு அடிக்கணுமாம்," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

நாற்காலியைச் சக்கரத்துக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்தேன். சம்மட்டியின் பிடியை அவர் இடது கையில் வைத்து, நானும் சேர்த்துப் பிடித்தேன். என் கையை உதறிவிட்டார். தனியாகத் தூக்கினார். முழங்கால் உயரம்கூட வரவில்லை. நழுவிப் புல்லில் விழுந்தது. மறுபடியும் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை அவர் கை நீட்டவில்லை. வாயோரம் எச்சில் வழிய அழுதார். அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, நாற்காலியை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து டயரை அறுத்தேன். உள்ளே இருந்த கம்பிகள் தீப்பொறி பறக்க ஒவ்வொன்றாக அறுந்தன. கருகிய ரப்பர் நாற்றம் வீடு முழுக்க ஏறியிருக்கும். துருவைச் சுரண்டி, கொண்டுவந்த டயர்களை மாட்டிக் காற்றடித்து, சக்கரங்களை லோரியில் பூட்டினேன். சாயங்காலம் வியாபாரி வந்து லோரியை இழுத்துக்கொண்டு போனார். உள்ளே அக்கா மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டும் இருவரும் வெளியே வரவில்லை.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் மாமா கண்ணை மூடிக்கொள்கிறார்.

"தூங்குறாருடா," என்பாள் அக்கா.

"தூங்கட்டும்கா," என்பேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.