ஆன்மேரிக்கு ஒரு கயாக்

என் மனைவி ஆன்மேரி தண்ணீரைப் பார்க்கும் விதமே வேறு. நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூனிலிருந்து பேருந்தில் போகும்போது நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வருவேன். அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து, பாலத்துக்குக் கீழே ஓடும் கால்வாயை எட்டிப் பார்ப்பாள். பாசி ஓரத்தில் ஒரு குமிழி வெடித்தால் போதும், என் தொடையில் ஓங்கித் தட்டி, "விரால்!" என்பாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். அவளுக்கு அதெல்லாம் கிடையாது.

ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைத் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால்கூட விட்டுப்போன தையலைச் சொல்லிவிடுவாள். வாரத்தில் ஆறு நாள் நின்றபடியே வேலை. ஏழாம் நாள் முதல் பூசை முடிந்ததும், தேவாலயத்துக்குக் கட்டிய நல்ல பர்மிய லுங்கியை மாற்றிக்கொண்டு, தூண்டில் கம்போடு குளம் தேடிக் கிளம்பிவிடுவாள். நான் வீட்டில் சோறு வடித்து வைப்பேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவளுடைய மீன் பிடிப்பும் ஊர் வழக்கத்துக்கு ஒத்துவராதது. புழுவோ குஞ்சு மீனோ கோப்பதில்லை. கட்டைவிரல் அளவு ரப்பர் தவளை ஒன்றை அல்லி இலைகளுக்கு மேல் வீசி, தத்தித் தத்தி இழுத்து வருவாள். அடியில் கிடக்கும் விரால் அதை உயிருள்ள தவளை என்று நம்பி, இலையைக் கிழித்துக்கொண்டு மேலே பாயும். பிடித்த மீனில் பாதியை மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவாள். எங்கள் எதிர்வீட்டுப் பர்மிய அம்மா டோ ஏவுக்கு இதுதான் பொறுக்கவில்லை. தின்பதற்காகப் பிடிப்பதே பாவம், பிடித்துவிட்டு விடுவது அந்த மீனைக் கேலி செய்வதல்லவா என்று பர்மியில் என்னிடம் புலம்புவார். நான் தலையை ஆட்டிவைப்பேன்.

கொரோனாவின் மூன்றாவது அலை வந்த அந்த ஜூலை மாதத்தில் நான் படுத்தேன். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். வீட்டுக் கூரை, கட்டிலருகே ஒரு நீலச் சிலிண்டர், மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்த ஏதோ ஒன்று, அவள் கை. சிலிண்டரை நிரப்ப அவள் எங்கெங்கே வரிசையில் நின்றாள் என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. எழுந்து உட்கார்ந்த அன்று, கதவு மூலையில் தூண்டில் கம்புகள் இல்லை.

"எங்கே?" என்று கேட்டேன்.

"ஃபேக்டரியில ஒரு பொண்ணோட அண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"முட்டி வலிங்க. முன்ன மாதிரி சேத்துல நிக்க முடியல."

நம்பினேன். நாள் முழுக்க நிற்கிறவளுக்கு முட்டி வலிக்காதா? ஆனால் அதற்கப்புறம் நாலு வருஷத்துக்கும் மேலாக அவள் பேருந்தில் சன்னல் பக்கம் உட்காரவே இல்லை. பாலம் வரும்போது மடியிலிருக்கும் பையைத் திறந்து எதையோ தேடுவாள். எனக்கு உயிரைக் கொடுத்துவிட்டு இவள் பாதி உயிராகிவிட்டாளே என்று தோன்றும். அதைத் தாங்க முடியாமல்தான், சேற்றில் நிற்காமல் உட்கார்ந்தபடியே மீன் பிடிக்க அவளுக்கு ஒரு கயாக், அதாவது சின்னத் துடுப்புப் படகு, வாங்கும் வேலையில் இறங்கினேன். அவள் மறுபடி தூண்டில் வீசுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நான் நகரத்து நடுவே பபேடானில் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவன். மீனைத் தட்டில் பார்த்தால்தான் எனக்கு அடையாளம் தெரியும். ஆனால் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் கைபேசியில் கயாக் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஒடுக்கமானது வேகமாகப் போகும், ஆளைக் கவிழ்க்கும். அகலமானது மெதுவாகப் போகும், மேலே எழுந்து நின்றாலும் அசையாது. காற்றடித்து நிரப்புவது ஒன்று உண்டு. தூண்டில் முள் பட்டால் கதை முடிந்தது. படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினேன். அடையாள அட்டையை நகலெடுக்க வந்தவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டி விளம்பரம் என்று நினைத்தார்கள்.

நினைத்ததிலும் தப்பில்லை. இரண்டு தெரு தள்ளி தவ்ஹீத் பாயின் பிளாஸ்டிக் சாமான் கடையில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் வாளிகளுக்கும் பின்னால் மூன்று கயாக்குகள் சாய்ந்து கிடந்தன.

"யாருக்குண்ணே?" என்றார்.

"வீட்டுக்காரிக்கு."

தவ்ஹீத் பாய் மூக்கில் விரலை வைத்தார். "அக்கா எத்தன பவுண்டு இருப்பாங்க?"

"எனக்கு எப்படிப் பாய் தெரியும்?"

"இருவத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துறீங்க, எட தெரியாதா? எட தெரியாம எப்படிண்ணே எடுத்துக் குடுக்கிறது?"

அந்தச் சனிக்கிழமை மாலை, நடைபாதையில் எடை மிஷின் வைத்திருக்கும் ஆளிடம் அவளைக் கூட்டிப்போனேன். சந்தேகம் வரக்கூடாதென்று நான் முதலில் ஏறினேன். பிறகு அவளை ஏறச் சொன்னேன்.

"எதுக்கு இப்ப எட?" என்று முறைத்தாள். "என்னய எங்கேயும் விக்கப் போறீங்களா?"

"யாரு வாங்குவா?" என்றேன். நூற்று முப்பத்தெட்டு பவுண்டு. மனதில் குறித்துக்கொண்டேன். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம், மத்தியானத்தில் கரண்ட் போனதும் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு தவ்ஹீத் பாயிடம் போய்விடுவேன். மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பேன். பச்சை நிறத்தில் அகலமானது ஒன்று. இருக்கை நாற்காலி உயரத்துக்கு இருந்தது. அதில் உட்கார்ந்தால் முட்டி மடங்கவில்லை. கண்ணை மூடினால் சிமெண்டுத் தரை மெல்ல இளகுவதுபோல் இருக்கும். பேருந்துச் சத்தம், கூவி விற்கும் சத்தம், பள்ளிவாசல் பாங்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கிவிடும். வாளிகள் அல்லி இலைகளாகும். முன்னால் ஆன்மேரி உட்கார்ந்திருப்பாள்; முகம் தெரியாது, தூண்டிலைப் பிடித்த கையும் பின்கழுத்தும் மட்டும் தெரியும். தவ்ஹீத் பாய் நல்ல மனுஷர். மூடி வாங்க வந்தவர்களிடம், "கொஞ்சம் இருங்க, அண்ணன் கரைக்கு வரட்டும்" என்பார்.

கடைசியில் அந்தப் பச்சையையே எடுத்தேன். கூடவே புதுத் தூண்டில் கம்பு ஒன்று, ரீல், ரப்பர் தவளை நான்கு.

நவம்பர் மாதத்து ஞாயிறு. ஷ்வேப்யிதாவைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஊ சோ என்பவருக்கு ஒரு பெரிய குளம் உண்டு. கட்டணம் கொடுத்தால் யாரையும் மீன் பிடிக்க விடுவார். சிநேகிதர் பண்ணையைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அவளைக் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்பே சின்ன டிரக்கில் கயாக்கை அனுப்பியிருந்தேன். நாங்கள் போய் இறங்கியபோது மூடுபனி விலகவில்லை. குளத்துக்குக் கரை எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவே கயாக் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

"யாரோடது?" என்றாள்.

"உன்னோடது."

அவள் குனிந்து அதன் விளிம்பில் விரலை ஓட்டினாள், முனையிலிருந்து முனைவரை. "எங்கேயும் ஒட்டுத் தெரியல" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். துடுப்பு இரண்டு முறைதான் தண்ணீரைத் தொட்டது; அவள் பனிக்குள் போய்விட்டாள். துடுப்பிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு தரம் இடப்பக்கம், ஒரு தரம் வெகு தூரத்தில். நான் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

கரையோரம் திரும்பி வந்து படகிலேயே உட்கார்ந்திருந்தவளிடம் புதுத் தூண்டிலை நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க."

"முட்டி மடங்காது மேரி. அதுக்காகத்தான் இந்த உசரத்துல சீட்டுப் பாத்து எடுத்தேன்."

"முட்டி இல்லீங்க." பார்வையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். "நீங்க படுத்திருந்தப்ப அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டேன். ஒங்க மூச்சு நிக்காம இருந்தா இனிமே தூண்டிலத் தொடமாட்டேன்னு."

அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர். மனுஷர்கள் காது கொடுக்காதபோது மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டனவாம். போயும் போயும் அவரிடம் போய் இவள் தூண்டிலை ஒப்படைத்திருக்கிறாள். ஒரு மாதம் நான் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து முட்டிக்கு அளவு பார்த்ததை நினைத்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னயக் கேட்டியா நீ?"

"கேக்குற நெலமையிலயா இருந்தீங்க?"

"பங்குச் சாமியார்கிட்டச் சொன்னா வேண்டுதல மாத்திக் குடுப்பாரு. எல்லாரும் மாத்திக்கிறதுதானே?"

"போன வருசமே கேட்டேன். 'மாத்திக்கலாம்மா, இதே அளவு பிரியமான வேற ஒண்ண விட்டுடு'ன்னாரு. நான்தான் மாத்தல." படகின் விளிம்பை இறுகப் பிடித்தாள். "பயமா இருக்குங்க. தெனம் ராத்திரி நீங்க தூங்கினப்புறம் முழிச்சு ஒங்க மூச்ச எண்ணுறேன். நூறு வரைக்கும் எண்ணினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். சில நாளு எறநூறு."

பக்கத்தில் படுத்திருப்பவள் இத்தனை வருஷமாக விழித்திருந்து எண்ணியிருக்கிறாள். நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். என்ன சொல்லித் தேற்றுவது? சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

"எறங்கு" என்றேன்.

"என்னாங்க?"

"எறங்கு மேரி."

அவளை இறக்கிவிட்டு மிதவைச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு நான் ஏறினேன். அவளைவிட நான் நாற்பது பவுண்டு கூடுதல்; படகு ஒரு தரம் அமுங்கி எழுந்தது. "ஒங்களுக்குத் துடுப்பு போடவே தெரியாதே! எங்கே போறீங்க?" என்று கத்தினாள். "அக்கரைக்கு" என்றேன்.

முதலில் வட்டமடித்தேன். பிறகு எப்படியோ நேராகப் போயிற்று. பாதிக் குளத்தில் மார்பு இறுகத் தொடங்கியது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா மிதந்தேன். சுற்றிலும் ஒன்றுமே இல்லை. பனியும் தண்ணீரும் ஒரே நிறம். நான் பபேடானில் கடை வைத்திருப்பவன் என்பதுகூட மறந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் ஓர் அல்லி இலை அசைந்தது. கரிய தலை ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் கீழே போயிற்று. விரால். நானே கண்டுபிடித்தேன். தட்டுவதற்குத்தான் பக்கத்தில் ஒரு தொடை இல்லை.

அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று வந்தேன். பனி விலகி அவள் உருவம் தெரிந்தபோது, முட்டி நனையத் தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். படகின் முனையைப் பிடித்து இழுத்துக் கரையில் சேர்த்தாள். எனக்கு இரைத்தது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவள் என்னை உட்காரவைத்து, நனைந்த சட்டையோடு சேர்த்து மார்பில் காதை வைத்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. இரைப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கியபிறகும் அவள் தலையை எடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றேன். "நீ தூண்டில விட்டதால ஓடுற மூச்சில்ல இது. என்னோடதுதான்."

"துடுப்பத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

வெயில் வந்தது. ஊ சோ கொண்டுவந்து கொடுத்த தேநீரை இருவரும் ஒரே குவளையில் குடித்தோம். தூண்டில் எங்கள் நடுவே புல்லில் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. ஆனால் ரப்பர் தவளைகளில் ஒன்றை எடுத்து, அதன் முள்ளை விரல்நுனியால் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம அந்தோணியார் நவநாள் செபத்துக்குப் போவேன்ல, அப்ப சாமியாரப் பாக்குறேன்" என்றாள். "அதுவரைக்கும் தூண்டில நீங்களே வெச்சிருங்க."

"பதிலுக்கு எதையாவது விடணுமே. அதே அளவு பிரியமானதா. என்னத்த விடப் போறே?"

அவள் தவளையை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இனிமே ராத்திரியில எண்ணமாட்டேன்" என்றாள்.