வண்டிக்கடியில் கட்டிய ஏணை

உயிரோடிருக்கும் குழந்தை எவ்வளவு நேரம் அசையாமல் தூங்கும்? ஏழு மாதப் பையனுக்குத் தாயான எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் திருவல்லிக்கேணியில் டிராம் ஏறினேன். ராயபுரம் ஐந்து மைல். பாரிமுனையில் வண்டி மாற வேண்டும். பையன் மாமியாரிடம். மடியில் என் கணவரின் சினிமா காமிரா. சாவி கொடுத்தால் ஓடும். கூலிவேலை செய்யும் பெண்களைப் பற்றி எங்கள் மாதர் சங்கத்துக்கு ஒரு படம் வேண்டும். ஆண்கள் போனால் அந்தப் பெண்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள் என்று என்னை அனுப்பினார்கள்.

டிராம் நின்ற இடத்திலிருந்து ஜட்காவுக்கு இரண்டணா.

"பொட்டியில இன்னாம்மா, பாம்பா?" என்றார் வண்டிக்காரர்.

படம் பிடிக்கும் கருவி என்றேன்.

"பாம்பே தேவல!"

பத்தரை மணி. வேர்க்கடலைக் கிடங்கில் முப்பது பெண்கள் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, படம் விழாது. வெயிலுக்கு வரச் சொன்னேன். முனகிக்கொண்டே வந்தார்கள்.

"நானும் சினிமாக்காரி ஆயிடுவேனா?" என்றாள் முனியம்மா என்ற இளம்பெண். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

"உன் மூஞ்சப் பாத்தா மிசினே நின்னுபூடும்டீ!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

காமிராவை ஓடவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபோதுதான், முனியம்மாவுக்குப் பின்னால் நின்ற கட்டை வண்டியின் அடியில் துணி ஏணை ஒன்று தெரிந்தது. இரண்டு கோணி மூட்டைகளை முன்னால் வைத்து அரைகுறையாக மறைத்திருந்தார்கள். உள்ளே ஒரு குழந்தை. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தையின் இமைகூட அசையவில்லை.

ஓடிப்போய் அதன் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முனியம்மா என் கையைப் பிடித்தாள். "கத்தாதம்மா. கடுகளவு அபினி குட்த்துத் தூங்க வெச்சுகீறேன். புள்ளைய இட்டாந்தது தெரிஞ்சா மேஸ்திரி வெளிய தள்ளிடுவாரு. உள்ள மூட்டைக்குப் பின்னாலதான் போட்டு வெப்பேன். நீதான் வெயிலுக்குக் கூப்ட்ட, தனியா வுட்டுட்டு வர முடியுமா?"

"எழுந்திருக்காவிட்டால்?"

"ரெண்டு மணிக்கு முயிச்சுக்கும்."

நான் கிளம்பவில்லை; பெண்களும் வெளியிலேயே உட்கார்ந்து கடலை உடைத்தார்கள். மணி இரண்டு அடித்தது. குழந்தை விழிக்கவில்லை. இரண்டரை. ஓடு உடையும் சத்தம்தான். முனியம்மாவின் கை நிற்கவில்லை, பார்வை மட்டும் வண்டிக்கடியில் இருந்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று வாயெடுப்பேன். மேஸ்திரி அந்தப் பக்கம் வருவார், மூடிக்கொள்வேன். என் பையனாக இருந்தால் மூடிக்கொண்டிருப்பேனா?

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சின்னக் கால் ஒன்று துணியை உதைத்தது. முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புறப்படும்போது கேட்டாள்: "படத்துல எம் புள்ள வர்ல இல்ல?"

"வரவில்லை" என்றேன். பயத்தில் வாயில் வந்த பொய்.

திரும்பும் டிராமில் பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி அழவைத்து, மாமியாரிடம் திட்டு வாங்கினேன்.

சுருள் பம்பாயில் கழுவி வந்துவிட்டது. ஏணை தெளிவாக விழுந்திருக்கிறது. இம்மாதக் கடைசியில் சங்கத்தில் படம் காட்டுகிறார்கள். தமக்கும் காட்டவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கிடங்கு முதலாளி என்னை உள்ளே விட்டார். அவர் முன்வரிசையில் இருப்பார். காட்டினால் முனியம்மாவின் வேலை போகும். ஏணை வரும் துண்டை வெட்டிவிட்டால், குழந்தைகளை வைத்துக்கொள்ள அங்கே ஓர் இடம் வேண்டுமென்று கேட்க என்னிடம் வேறு சாட்சியில்லை, நாளையும் அபினிதான். என் கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். வேலைக்குப் போகும் தாய்மார் யாரேனும் இதைப் படித்தால், அல்லது யாராவது படித்துக் காட்டக் கேட்டால், தயவுசெய்து சொல்லுங்கள்: அந்தத் துண்டை நான் வெட்டட்டுமா?