மூன்றாவது கோப்பை

போன வருடம் நெல் அரிவி வெட்டு முடிந்த கிழமை எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து மாதம் ஒருமுறை கிளினிக். அங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தரும் தாதி மிஸிக்கு எங்கள் மகளாக இருக்கக்கூடிய வயது. சோற்றுக் கோப்பை ஒன்றை, வட்டத் தட்டாக, கடதாசியில் கீறிக் காட்டினாள். பாதிக்கு இலைக்கறியும் மரக்கறியும், காற்பங்குக்குச் சோறு, மிச்சத்துக்கு மீனோ பருப்போ. கருவாடு வேண்டாம், உப்பைக் குறைக்கவேண்டும், தேங்காயின் முதற்பாலை மறந்துவிடவேண்டும், பின்னேரம் வாய்க்கால் கரையில் நடக்கவேண்டும்.

வயல்காரனிடம் சோற்றைக் குறை என்று சொல்வது லேசுப்பட்ட கதையா? நான் சும்மா தலையாட்டி வைத்தேன். மனைவி விடவில்லை. இருந்த கருவாட்டை அயல்வீட்டுக்குக் கொடுத்தாள். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், தண்ணிச் சொதி என்று மாறி மாறி வந்தது. சோற்றை அகப்பையால் அளந்து போட்டாள். ஆடு மாதிரி இலை தின்றேன். மூன்று மாதம் கழித்து இரத்தம் சோதித்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கவே இல்லை. எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஐயா, ஒளிச்சுச் சாப்பிடுறீங்களோ?" என்று மிஸி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன், மனம் கூசாமல்.

பொய். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர், சமையல் மூன்று பேருக்கு. மூன்றாவது கோப்பை எங்கள் மகனுடையது. சண்டையின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பாத்திரத்தோடு ஓடினவன் திரும்பி வரவில்லை. அவன் செத்ததைக் கண்டவர் எவரும் இல்லை. சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வீடு திரும்பி முதல் உலை வைத்த நாள் தொடக்கம், மனைவி அவனுக்கும் சோறு போட்டு மூடி வைக்கிறாள். பசியோடு போனவன் பசியோடுதான் வருவான் என்பாள். நாலு மணிவரை அது அப்படியே இருக்கும். பிறகு நான் எடுத்துச் சாப்பிடுவேன். சோற்றைக் கொட்ட எங்கள் இருவருக்கும் கை வராது. வெறுங்கோப்பையை அவள் ஒன்றும் கேட்காமல் கழுவி வைப்பாள். அவன் கோப்பையில் காற்பங்குக் கதை எல்லாம் கிடையாது. குவித்த சோறு, முதற்பால் விட்ட கறி, மீன் பொரியல். அவனுக்கென்ன, நெஞ்சு வருத்தமா?

அன்று கிளினிக்குக் கூட வந்திருந்த மனைவிதான் வாயைத் திறந்தாள். "பிள்ளை, நான் மூண்டு பேருக்குச் சமைக்கிறனான். மகன்ர சாப்பாட்டையும் இவர்தான் சாப்பிடுறவர்."

"ஏன், மகன் சாப்பிடுறேல்லையோ?"

"அவன் இன்னும் வரேல்லை."

மிஸிக்கு விளங்கவில்லை. "அப்ப மிஞ்சிறதைக் காகத்துக்கு வையுங்கோவன், அம்மா."

சொன்ன பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தாள். அவளில் பிழை இல்லை. செத்தவர்களுக்குத்தான் நாங்கள் காகத்துக்குச் சோறு வைப்போம். அயலில் வைக்காத வீடு இல்லை. அதனால்தான் எங்கள் வேலியில் ஒரு காகம் குந்தினாலும் எனக்குப் பொறுக்காது. மனைவி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்துக் கல்லால் எறிவேன். பதினைந்து வருடமாக எறிகிறேன். அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி மகனின் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனாள். நான் வாசலுக்கு ஓடி வந்தேன்.

"இஞ்சேர், என்ன செய்யிறாய்?"

"நீங்களும் போனா நான் ஆரோட இருக்கிறது?"

வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து "கா, கா" என்று கூப்பிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு காகம் வந்து ஒரு பருக்கையைக் கொத்தினால் போதும், அவன் செத்தவனாகிவிடுவான். பக்கத்து வீட்டுக் கூரையில் நாலைந்து இருந்தன. ஒன்று எங்கள் வேலிவரை பறந்து வந்தது. வாசலில் நின்ற என்னைக் கண்டதும் திரும்பிவிட்டது. அவள் வெயிலில் அரை மணி நேரம் நின்றாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கண்டு எத்தனையோ வருடம்.

"பாத்தீங்களே, எடுக்கேல்லை. அவன் இருக்கிறான்."

சோற்றை இலையோடு தூக்கி வந்தாள். இருவரும் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். மறுநாளிலிருந்து மகனுக்கும் மிஸி கீறின கோப்பைதான். எங்கள் இருவரின் பங்கிலும் கொஞ்சம் எடுத்து அதையே அவனுக்குப் போடுகிறாள். நாலு மணிக்கு ஆளுக்குப் பாதி. கொழுப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. "இப்பதான் சொல்வழி கேக்கிறீங்கள்" என்று மிஸிக்குச் சந்தோஷம்.

காகம் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவள் அந்தக் கோப்பையை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். இன்றும் அவள் குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, குனிந்து ஒரு கல் எடுத்தேன்.