காரைக் காயவைக்கிற மெஷின்

அப்பா விட்டுப்போன பழைய வெள்ளைக் காரை வைத்துத்தான் அந்த வருடங்களில் நான் குடும்பம் நடத்தினேன். நீண்ட மூக்கும் தோல் இருக்கையும் நிக்கல் பூசிய விளிம்புகளுமாக, பார்க்க ஒரு எடுப்பு இருந்தது. திருகோணமலை நகரில் கலியாணம் என்றால் பொம்பிளையும் மாப்பிள்ளையும் அதில்தான் வரவேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். சண்டை திரும்பத் தொடங்கிய பிறகும் கலியாணங்கள் நிற்கவில்லை. இரவு முகூர்த்தங்கள் பகலுக்கு மாறின, அவ்வளவுதான்.

காரைக் கழுவுவதில் எனக்கு ஒரு கரைச்சல் இருந்தது. எவ்வளவு துடைத்தாலும் துணி போகாத இடங்களில் தண்ணீர் ஒளிந்து நிற்கும். கதவு இடுக்கில், விளக்கைச் சுற்றிய வளையத்தில், கண்ணாடிக் கரை ரப்பருக்குள். கார் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வழியும். வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் தாலி கட்டி முடிந்து புதுத் தம்பதியை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். துறைமுகப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பின் கதவுக் கண்ணாடியை இறக்கும்படி காவலில் நின்றவன் விரலால் காட்டினான். பொம்பிளை கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி கீழே போக, ரப்பருக்குள் தேங்கி நின்ற துருத் தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. கூறைச் சேலையின் சரிகைக் கரை நெடுக மண்ணிறமாக ஒரு கோடு விழுந்தது. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆராத்தித் தட்டோடு நின்ற பெண்களின் கண்ணில் அது தப்புமா? "இதென்ன, வந்து இறங்கேக்குள்ளயே கூறையில ஊத்தை?" என்று மாமியார் கேட்டார். பொம்பிளையின் முகம் கறுத்தது. நான் முன்னுக்குப் போய், "அம்மா, தங்கச்சியில பிழையில்லை. என்ர கார்க் கதவாலை வந்த தண்ணி" என்றேன். உடனே எல்லாரும் காரைச் சூழ்ந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ரப்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவி, துருச் சேற்றை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். பூமாலை கட்டிய மூக்கோடு கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் நான் நின்றேன். விருந்துக்கு இருக்கச் சொல்லி யாரோ கையைப் பிடித்தார்கள். இருக்க ஏலவில்லை.

அடுத்த நாளே காற்று ஊதுகிற மெஷின் ஒன்று வாங்கப் போனேன். கடைத்தெருவில் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் மின்சாரச் சாமான்கள் விற்றார். கார்க் கதவிலிருந்து ஒரு முழ ரப்பரைக் கழற்றி, தண்ணீரில் ஊறவைத்து, பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனேன். நானா மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பெண்கள் தலைமயிர் காயவைப்பது. அது ரப்பரைச் சுட்டதே தவிர தண்ணீர் அசையவில்லை. இரண்டாவது ரேடியோக்களுக்குள் தூசி ஊதுகிற சின்ன மெஷின். அது துளி துளியாகத் தள்ளியது. மூன்றாவது மரம் அரிகிற மரக்காலையில் வாள்தூள் ஊதுவது, கனம் கூடியது. அதைப் போட்டதும் ரப்பருக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் பறந்துபோய் நானா உடுத்திருந்த சாரத்தில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

"இதுக்கு மேல பலமானது ஊரிலயே இல்ல தம்பி" என்றார்.

அதைத்தான் எடுத்தேன். சத்தத்தை நான் யோசிக்கவேயில்லை. கடைத்தெருவில் அந்த நேரம் கரண்ட் இல்லை. கடைக்குக் கடை ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது.

எங்கள் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டுக்காரர் தன் காலிக் கராஜை ஒரு குடும்பத்துக்கு இருக்கக் கொடுத்திருந்தார். கட்டைபறிச்சானில் கிபிர் விமானங்கள் குண்டு போடத் தொடங்கியபோது குடாவைக் கடந்து வந்தவர்கள். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன.

அடுத்த கலியாண ஹயர் வந்த நாள் காலையில் காரைக் கழுவினேன். குசினி யன்னலால் வயரை இழுத்து மெஷினைக் கொளுவினேன். அது ஒரேயடியாகச் சத்தம் போடாது. தூரத்தில் முனகுவது போலத் தொடங்கி, கிட்டக் கிட்ட வருவது போல ஏறி, ஊளையாக நிற்கும். கதவு இடுக்குகளிலிருந்து தண்ணீர் சிதறிப் பறந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நிற்பாட்டி, திரும்பப் போட்டு, மற்றப் பக்கக் கதவுக்குப் போனேன்.

மனைவி வாய் அசைய இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் சொன்னது கேட்கவில்லை. மெஷினை நிற்பாட்டிய பிறகுதான் வேலிக்கு அப்பால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

எட்டிப் பார்த்தேன். அக்கா கிணற்றடிச் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தார். இரண்டு பிள்ளைகளும் அவருக்குக் கீழே. அரிசிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சத்தம் நின்று கன நேரமாகியும் அவர் எழும்பவில்லை. மனைவி வேலிப் பொட்டால் நுழைந்துபோய்த் தோளைத் தொட்டாள்.

"கிபிர் போட்டுதோ?" என்று அக்கா குப்புறக் கிடந்தபடியே கேட்டார்.

"இல்லையக்கா, ஒண்டுமில்லை. எழும்புங்கோ" என்றாள் மனைவி.

அவர் எழும்பி இருந்தார். அதற்குள் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் பார்ப்பதைக் கண்டு, மேலேறிக் கிடந்த சட்டையை இழுத்துக் காலை மூடினார். நான் மெஷினைக் கையில் பிடித்தபடியே வேலியடியில் நின்றேன். கீழே வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

"அக்கா, இதின்ர சத்தம்தான். காரைக் காயவைக்கிற மெஷின்."

"காரைக் காயவைக்கவோ?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. காரை எதற்காகக் காயவைக்க வேண்டும் என்று அறியத்தான் கேட்டார். கண்ணாடி ரப்பர், சரிகை, கூறை என்று அந்தச் சேற்றில் இருந்தவரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்தேன்.

பின்னேரம் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "தம்பி, குறை நினையாதேங்கோ. சனத்துக்கு முன்னால கூத்துக் காட்டிப்போட்டன். நீங்கள் மெஷினைப் போடுங்கோ. பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். எங்களாலை உங்கட தொழில் கெடப்படாது."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்குக் கூசியது. "இல்லையக்கா, அதை இனிப் போடமாட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

மெஷினைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"பலம் காணாதா?" என்று நானா கேட்டார்.

"சத்தம் கூட நானா. பக்கத்தில கட்டைபறிச்சான் ஆக்கள் இருக்கினம்."

நானா மெஷினை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு, "மூதூரில இருந்து எங்கட ராத்தாவும் வந்திருக்கா. அலுமாரிக் கதவு அடிச்சாலும் எழும்பி ஓடுறா" என்று தன் தமக்கையைப் பற்றிச் சொன்னார். ரேடியோவுக்குத் தூசி ஊதுகிற சின்ன மெஷினை எடுத்து, தெருப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, வயிற்றோடு அணைத்துக்கொண்டு போட்டார். நாங்கள் இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டோம். தேனீ இரைவது போலத்தான் இருந்தது. இந்தமுறை நனைந்த ரப்பர் எதுவும் நான் கொண்டுபோகவில்லை.

சின்ன மெஷினால் ஒரு கதவைக் காயவைத்து முடிக்கவே பொறுமை வேண்டும். இருந்தாலும் போடுவதற்கு முதல் வேலியடியில் நின்று, "அக்கா, போடப்போறன்" என்று கூப்பிடுவேன். "ஓம் தம்பி, போடுங்கோ" என்று சத்தம் வரும். சிலவேளை பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சுவிச்சில் கை வைப்பேன்.

ஒருநாள் கூப்பிட்டேன், பதில் இல்லை. பிள்ளைகள் உள்ளே விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கப் போயிருக்கலாம். தாய் இல்லாத நேரம் அதைப் போட மனம் வரவில்லை. துவாயால் முடிந்தமட்டும் துடைத்துவிட்டு, ஈரக் காரோடு கலியாண வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் மாமா கதவைத் திறந்துவிட்டு நனைந்த கையைப் பார்த்தார். "என்ன தம்பி, எல்லாம் ஈரமாக் கிடக்கு?"

"வழியில மழை அண்ணை" என்றேன்.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு முகில் இல்லை. நான் துவாயை எடுத்துக்கொண்டு காரின் மற்றப் பக்கம் போய்க் குனிந்தேன்.