காய்ச்சலுக்குக் காத்திருந்தவள்

அந்த ஆஸ்பத்திரியில் 'குதிரைக்கார அக்கா' என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. கர்ப்பிணியின் வயிற்றில் கருவியை வைத்ததுமே சத்தத்தைக் கூட்டிவிடுவாள். குழந்தையின் இதயத்துடிப்பு அறை முழுக்கத் தடதடவென்று கேட்கும். குதிரை என்ன ஓட்டம் ஓடுகிறது பார், அம்மா மாதிரியே அவசரக்குடுக்கை என்பாள். பயந்துகொண்டு வந்த பெண்ணும் சிரித்துவிடுவாள். வருடக்கணக்காக இதையே செய்து, அந்தக் கை தானாகவே சத்தக் குமிழுக்குப் போகும்.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. கருவில் துடிப்பு இருக்கும்வரை கலைக்கக் கூடாது, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கலைக்கலாம், மீறினால் டாக்டருக்கு ஜெயில். ஆபத்து என்றால் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல மட்டும் அந்தப் புண்ணியவான்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது. யாருக்கோ வந்த சட்டம் என்றுதான் அவளும் இருந்தாள், சொந்தத் தங்கையையே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும்வரை.

தங்கைக்கு ஐந்தாம் மாதம். துணி காயப்போடும்போது பனிக்குடம் உடைந்து தண்ணீரெல்லாம் போய்விட்டது. இனி அந்தப் பிள்ளை பிழைக்காது. உள்ளே இருக்க இருக்கத் தங்கை உயிருக்குத்தான் கேடு. டாக்டரம்மா வாசலில் நின்றபடி, சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல் என்றார். சத்தம் வைக்காமல் பார்த்து, துடிப்பு இல்லை என்று சொல்லிவிடு என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரி மேனேஜரும் நின்றிருந்தார். அவள் கருவியை வைத்தாள். பாழாய்ப்போன கை, குமிழைத் திருப்பிவிட்டது.

தடதடவென்ற சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"எல்லாரும் கேட்டுட்டாங்கம்மா. இனி நான் கை வைக்க முடியாது."

"அவ செத்துப்போயிடுவா டாக்டர்."

"காய்ச்சல் வந்தா உயிருக்கு ஆபத்துன்னு சொல்லலாம். வந்ததும் கூப்பிடு."

தங்கை புருஷன் தெரிந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தான். எல்லா இடத்திலும் அதே சட்டம், அதே பயம். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, முடியை ஒதுக்குகிற சாக்கில் தங்கையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் வந்தால் தங்கை போய்ச் சேரலாம், வராவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

என் நெற்றி என்ன இஸ்திரிப் பெட்டியா, சூடு ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று தங்கை கேலி செய்தாள். அவளோ, எல்லாம் என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

சாயங்காலம் தங்கைக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. பற்கள் கிட்டின. நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. அவள் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"வந்துடுச்சு டாக்டர்! காய்ச்சல் வந்துடுச்சு!"

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கை கால் வந்தது. தள்ளுவண்டி வந்தது, ஊசி வந்தது, டாக்டரம்மா ஓடி வந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் நெருப்பாகச் சுட்டன.

"காய்ச்சல்னு சொன்னப்ப ஏன்க்கா சிரிச்ச?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். தங்கை பிழைத்து வந்தால்தான் இனி அதற்குப் பதில் சொல்ல முடியும்.