மீரான் மொழிபெயர்க்காத மாலை

மரணச் செய்தி கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் கிடைத்தது. மன்னார் பக்கத்துத் தாழ்வுபாட்டு வியாபாரி ஒருவர் கருவாட்டுச் சிப்பத்தை இறக்கிக்கொண்டே சொன்னார்: “மீரான் மௌத்தாப் போனார். உங்களுக்குத் தெரியாதோ?” தெரியாது. சிப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

மன்னாரில் அவரை அறியாதவர் இல்லை. மற்றவர்களுக்கு: முசலி ஊர்க்காரர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அதே நீதிமன்றக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன்.

சனிக்கிழமை மாலைகளில், இறங்குதுறைக்கு அருகே அவருடைய மச்சானின் கிட்டங்கியில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவே, கவிதை வாசிப்போம். ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்தில். பள்ளிவாசல் லெப்பை அரபியில். தேநீர்க்கடை நாயர் மலையாளத்தில். மாதா கோயில் மூப்பர் லத்தீனிலும் தமிழிலும். நான் ஆங்கிலத்தில், சில நாள் என் சொந்தத் தமிழ் வரிகள். விதி ஒன்றே. மொழிபெயர்ப்பு இல்லை.

“பகல் முழுக்க ஆக்களின்ர கதையை மறிச்சு மறிச்சுச் சொல்லுறன்,” என்பார் மீரான். “இங்க ஒருத்தரையும் மறிக்கக் கூடாது.”

ஒருநாள் நாயர் பாடப்பாட மூப்பர் அழுதார். முடிந்ததும் நாயர் பதறிப்போய் உண்மையைச் சொன்னார். அது கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தொந்தியைக் கேலி செய்யும் பாட்டு. மீரானுக்கு மலையாளம் தெரியும். பேசாமல் இருந்திருக்கிறார்.

மூப்பர் மூக்கைத் துடைத்தார். “இருக்கட்டும். தொந்திக்கும் கவலை இருக்கும்தானே.”

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விளங்காத மொழிகளில் கூட்டம் நடக்கிறது என்று யாரோ பொலிஸுக்குச் சொல்லியிருந்தார்கள். உத்தரவு வந்தது: வாசிப்பவை எல்லாவற்றையும் முன்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் கிட்டங்கி பூட்டப்படும். எல்லா மொழியும் தெரிந்து எழுதக்கூடியவர் மீரான் ஒருவரே. அவர் அரசாங்க உத்தியோகத்தர் என்பதும் நினைவூட்டப்பட்டது.

“எழுதிக் குடுத்திடுங்கோ மீரான்,” என்றார் மூப்பர். “ஆர் வாசிக்கப்போகினம்?”

“ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். ஆனா அடுத்த கிழமை நீங்கள் எதைப் பாடலாம், எதைப் பாடேலாது எண்டு யோசிச்சுக்கொண்டு வருவீங்கள்.”

மீரான் எழுதிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை இன்ஸ்பெக்டரே வந்தார். கதிரை போட்டோம். லெப்பை அரபியில் தொடங்கினார். பாதியில் இன்ஸ்பெக்டர் மீரான் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இறைவனைப் புகழும் வரிகள்தான். சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் பூட்டுப் போட்டார்கள். சில வாரங்களில் மீரானுக்கு அநுராதபுரத்துக்கு மாற்றம். பிறகு மன்னாரில் வாசிப்பு நடக்கவில்லை. வழியனுப்பப் போனபோது கேட்டேன்: “கவலையில்லையோ?”

“ஓம், கவலைதான்,” என்றார். ரயிலில் ஏறிவிட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சனிக்கிழமை மாலையின் கொஞ்ச நேரம் மட்டும். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. லெப்பை இன்னும் முடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் காத்திருக்கிறார். பதில் தெரிந்தவர் லெப்பையின் முகத்தைப் பார்த்தபடி, கேட்டுக்கொண்டிருக்கிறார்.